மெரேயு வீட்டு ரத்தம்

கொனாரியா யாரையும் நம்பமாட்டாள். ரொட்டிக்காரி ரொட்டியை நீட்டினால் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மோந்தும் பார்ப்பாள். முட்டையை வெயிலில் தூக்கிப் பிடிக்காமல் உடைத்ததே கிடையாது. யாராவது போகிற போக்கில் "இன்னிக்கு நல்ல வெயிலு" என்று சொல்லிவிட்டால் போச்சு, 'இவன் எதுக்கு இத எங்கிட்ட வந்து சொல்றான்?' என்று சாயங்காலம் வரை மண்டையைக் குடைந்துகொள்வாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இத்தாலியின் சர்தீனியாத் தீவில், செத்ரினோ ஆறு கடலில் விழப்போகும் முன் சோம்பிக் கிடக்கிற பள்ளத்து ஊர் அவளுடையது. கொசு கொழித்த காலத்தில் மலேரியா அவள் தம்பிகள் இருவரையும் கொண்டுபோயிற்று. அப்புறம் கல்யாணம், அப்புறம் ப்ரேது.

ப்ரேது அவள் கணவன். மேய்ச்சல் நிலத்துக்காகப் பக்கத்து வீட்டு மெரேயு குடும்பத்தோடு கோடை முழுக்கச் சண்டை போட்டவன், ஒருநாள் ஆட்டுப்பட்டியிலிருந்து வீடு திரும்பவில்லை. மறுநாள் ஓடைக்கரையில் கண்டெடுத்தார்கள், நெஞ்சில் குண்டோடு. போலீஸ் வந்து விசாரித்தது. ஊருக்குத்தான் வாயே இல்லையே, என்ன கிடைக்கும்? ஆனால் அடுத்த சில வாரத்தில் மெரேயு வீட்டு மூத்தவன் தோமேயு திடுதிப்பென்று பெல்ஜியத்துச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். திரும்பி வரவே இல்லை. வேறென்ன சாட்சி வேண்டும் கொனாரியாவுக்கு? பக்கத்து வீட்டில் எஞ்சியது இளையவன் பாக்கிஸ் மட்டும். கல்யாணமாகாத தனியாள், ஆடு மேய்ப்பவன், வாயில் லேசில் பேச்சு வராது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

பேச்சில்லை என்றால் பகை ஓய்ந்தது என்று அர்த்தமா? எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சில வீட்டுக்காரர்களுக்கு ஃபாவா அவரை ஆகாது. புதிதாகப் பறித்த பச்சை அவரையைத் தின்றால், வேகவைத்தே தின்றாலும், ஓரிரு நாளில் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப்போகும், ஆள் படுத்துவிடுவார். செத்தவர்களும் உண்டு. பூவின் வாசனை பட்டாலே போதும் என்பது பழைய பேச்சு. அதனால் விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் "உங்க வீட்ல அவரை உண்டா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அவரை ஆகாத வீட்டுச் சுவரோரமாக யாரும் அவரைச் செடி வைக்கமாட்டார்கள். சட்டமெல்லாம் இல்லை, ஒரு மரியாதை.

மெரேயு வீடு அவரை ஆகாத வீடு. ப்ரேதுவைப் புதைத்த அந்தக் குளிர்காலமே கொனாரியா மெரேயு வீட்டுச் சுவரை ஒட்டி, நீளத்துக்கும் அவரை நட்டாள். அப்புறம் வருடா வருடம் நட்டாள். பூத்த நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முற்றத்தில் நின்று பார்ப்பாள். ஊருக்கே தெரியும். பாக்கிஸ் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டான், அவ்வளவுதான்.

கொனாரியாவுக்கு எலியாஸ் ஒரே பிள்ளை. கைக்குழந்தையாக இருக்கும்போதே வெளிறிப்போய், வயிறு மட்டும் வீங்கிக் கிடந்தான். தலசீமியா என்றார்கள். "அம்மாகிட்டேருந்து பாதி, அப்பாகிட்டேருந்து பாதி. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் செய்யாது, ரெண்டும் சேந்த புள்ளைக்குத்தான் கஷ்டம்" என்று டாக்டர் விளக்கினார். "எங்க வீட்ல அப்படியொரு நோயே கெடையாது, அவுக பக்கத்துலேருந்துதான் வந்திருக்கும்" என்று கொனாரியா சாதித்தாள். ப்ரேது அப்போது உயிரோடு இருந்தான். அவனும் அதையேதான் சாதித்தான், பக்கத்தை மட்டும் மாற்றி.

எலியாஸின் உடம்பில் ஊறுகிற ரத்தம் நிலைக்காது. அதனால் சில வாரத்துக்கு ஒருமுறை நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஊரார் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். தாமதமானால் படியேற முடியாது, உதடு வெளுத்துவிடும். இப்படியே இருபத்திரண்டு வயது வரை வந்துவிட்டான். ரேடியோ ரிப்பேர் செய்வான், ஊரிலேயே அதிகம் சிரிப்பவன். அம்மாவுக்கும் சேர்த்து அவன்தான் ஊரை நம்பிக்கொண்டிருந்தான்.

போன வருடம் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. ஏற்றுகிற ரத்தமெல்லாம் வீணாகிக் காய்ச்சல் கண்டது. சோதித்துப் பார்த்த டாக்டரம்மா மரோஞ்சு கொனாரியாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ரத்தம்னா நாலஞ்சு குரூப்புதான்னு நெனைக்கிறோம். அப்படியில்லம்மா. ஒவ்வொரு செல்லு மேலயும் ஏகப்பட்ட முத்திரை இருக்கு. இத்தன வருஷமா அடுத்தவங்க ரத்தத்த ஏத்தி ஏத்தி, உங்க பையன் உடம்பு சில முத்திரையக் கண்டாலே அடிக்க ஆரம்பிச்சிருச்சு. அந்த முத்திரை இல்லாத ரத்தம்தான் இனி ஆகும். ஆயிரத்துல ஒருத்தருக்கு இருந்தா அதிகம்."

"கெடச்சுதா?"

"கெடச்சிருச்சு. எங்கயோ தேடினோம், கடைசில பாத்தா உங்க பக்கத்துலயே, ஒரே குடும்பத்துல மூணு பேரு. மொற வெச்சுக் குடுக்கறாங்க."

"யாரு?"

"அதச் சொல்லக்கூடாது."

சொல்லக்கூடாது என்பதை எத்தனையோ பேரிடம் சொல்லலாம், கொனாரியாவிடமா சொல்வது? அன்றிலிருந்து அவள் கண் தூங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வருகிறவன் போகிறவன் சட்டைக் கையையெல்லாம் நோட்டம் விட்டாள். நர்சுக்கு ஆட்டுப் பாலாடைக்கட்டி ஒன்றைக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். நர்ஸ் கட்டியை வாங்கிக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசினாள்.

கார்னிவல் திருவிழா முடிந்த வாரம், நகரத்துப் பஸ்ஸில் பாக்கிஸ் ஏறினான். ஆட்டுச் சந்தை இல்லாத நாளில் இவனுக்கு நகரத்தில் என்ன வேலை? துவைத்த சட்டை வேறு போட்டிருந்தான். திரும்பி வரும்போது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. கொனாரியா அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பையன்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்த பாக்கிஸின் அக்கா பிள்ளைகள். அதே தாடை, அதே புருவம்.

நேரே டாக்டர் அறைக்குள் புகுந்தாள். "மெரேயு ரத்தத்தையா எம்பையனுக்கு ஏத்துறீங்க?"

"யாரு குடுத்தா என்னம்மா? ரத்தத்துல பேரா எழுதியிருக்கு?"

"எழுதித்தான் இருக்கு டாக்டரம்மா. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியல."

வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டாள். எலியாஸ் ரேடியோவைத் திருகுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா. ஒருதடவ வராந்தால பாத்தேன். தலைய ஆட்டினாரு. நானும் ஆட்டினேன்."

"தலைய ஆட்டினியா! உங்கப்பனக் கொன்ன குடும்பம்டா அது!"

"தோமேயு கொன்னான்னு நீ பாத்தியா?"

"பாக்கணுமா? ஆடு பகை, குட்டி உறவாடா?"

"அம்மா, எனக்கு மாடிப்படி ஏறணும். மூச்சு விடணும். அதுக்குமேல எனக்கு ஒரு கணக்கும் வேணாம்."

அவன் அப்படிச் சொல்லிவிட்டான். ஆனால் அவளால் எப்படித் தாங்க முடியும்? பிள்ளை சாப்பிடுகிறபோது கை நரம்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே ஓடுவது யார்? நல்லெண்ணம் என்று எவனாவது சும்மா ரத்தம் கொடுப்பானா, அதுவும் மெரேயு? இதில் ஏதோ சூது இருக்கிறது. இன்று கொடுப்பான், பையன் அதற்கே பழகிய பிறகு நிறுத்துவான். இல்லாவிட்டால் எதையாவது கலந்து கொடுப்பான். ரத்தத்தை வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை, சொன்னால் பிள்ளை போய்விடுவான்.

யோசித்து யோசித்து அவளாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். சுவரோரத்து அவரை அந்த வசந்தத்தில் கொழுத்துக் காய்த்திருந்தது. எங்கள் ஊரில் அவரையைவிட ரத்தம் ஊறவைக்கும் உணவு இல்லை என்பார்கள், அது ஒத்துக்கொள்ளும் வீட்டில். பிஞ்சாகப் பறித்து, பன்றிக் கொழுப்பும் காட்டுச் சோம்பும் போட்டு வாரம் முழுக்க ஆக்கிப் போட்டாள். எலியாஸுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் அது.

"தின்னுடா. நம்ம மண்ணு, எங்கையால நட்டது. உன் ரத்தம் ஊறட்டும், அவன் ரத்தம் கழுவிக்கிட்டுப் போகட்டும்."

"இப்படிக் கெடைக்கும்னா நீ அவங்கள தெனமும் திட்டலாம் போலருக்கே" என்று சிரித்துக்கொண்டே பையன் சட்டியை வழித்துத் தின்றான்.

சனிக்கிழமை காலையில் அவனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் கொதித்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. சிறுநீர் காப்பிக் கஷாயம்போலக் கறுத்துப் போயிற்று. யாருடைய காரிலோ தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவனைப் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் துணிமணி எடுக்க ஊர் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்த சதுக்கத்தில் போய் நின்றாள்.

"பாக்கிஸ் மெரேயு! அப்பன சுட்டீங்க, புள்ளைக்கு ரத்தத்துல வெஷம் வெச்சீங்க! உங்கண்ணனுக்காவது துப்பாக்கி தேவப்பட்டுச்சுடா, உனக்கு அதுவும் வேணாம்னு ஆயிப்போச்சா?"

பாக்கிஸ் படியில் நின்றான், தொப்பி கையில். ஏதாவது திருப்பித் திட்டுவான் என்று ஊரே காத்துக்கொண்டிருந்தது.

"சரி. இனி குடுக்கல" என்றான். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பார்த்தீர்களா, குட்டு வெளிப்பட்டதும் ஓடுகிறான் என்று கொனாரியா நின்றவர்களைப் பார்த்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் மரோஞ்சு தூங்காத கண்ணோடு வந்தார். "போன தடவ ஏத்தின ரத்தம் பொருந்தாமப் போச்சான்னு திரும்பத் திரும்ப சோதிச்சுட்டேன். பொருத்தத்துல ஒரு கொறையும் இல்ல. ஆனா உள்ள அது ஒடஞ்சுகிட்டே இருக்கு. வீட்ல என்ன சாப்பிட்டான்?"

"ஏன், நான் வெஷம் வெச்சேங்கறீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா."

"ரொட்டி, பால்கட்டி. அவரை."

"பச்சை அவரையா?"

"அவரை அவனுக்கு ஆகும். பால்குடி மறந்ததுலேருந்து தின்கறான். எங்களது அவரை ஒத்துக்கற வீடு."

டாக்டர் பையனின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கொடுத்தவர்களின் ரத்தத்தில் மிச்சம் வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டு சோதனைச்சாலைக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து கட்டிலோரமாக நின்றார்.

"அவனுக்கு ஆகும். அவனுக்குள்ள ஓடுற ரத்தத்துக்குத்தான் ஆகாது."

கொனாரியாவுக்குப் புரியவில்லை.

"ரத்தச் செல்லுக்குள்ள ஒரு என்சைம் இருக்கு. அவரையோட வேகத்தத் தாங்கறது அதாலதான். குடுத்தவங்க மூணு பேருக்குமே அது கொறைவு, அதான் அவங்க வீட்ல அவரை சாப்பிடறதில்ல. இந்த மூணு மாசத்துல உங்க பையனுக்குள்ள பாதிக்கு மேல அவங்க ரத்தந்தான். வேற ஒடம்புக்குள்ள வந்துட்டா மட்டும் அது மாறிடுமா? அவரை உள்ள போனதும் ஒடஞ்சிருச்சு." டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தப்பு எங்க மேலயும் இருக்கு. ஏதாவது நோய் உண்டான்னு கேட்டோம், இல்லன்னாங்க. இந்தப் பக்கத்துல அவரை ஆகாதத யாரு நோய்னு சொல்றா? நான் அத தனியாக் கேட்டிருக்கணும்."

கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்! அந்தச் சுவரோரம், அந்த வரிசை, பூத்த நாளில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம் கொனாரியாவின் கண்முன்னே வந்தது. மெரேயு ரத்தத்தைச் சாகடிக்கத்தான் நட்டாள். அதைத்தான் தன் கையாலேயே ஆக்கிப் போட்டிருக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுதாள். எலியாஸ் தூக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அழறதுக்கு இப்ப நேரமில்லம்மா" என்றார் டாக்டர். "ஒடஞ்சது போக அவன்கிட்ட மிச்சம் ரொம்பக் கொறைவு. நாளைக்கே ஒரு பையாவது ஏத்தணும். அவரை வேகம் அடங்கிருச்சு, இனிமே அவன் வாய்ல ஒரு கொட்டகூடப் படாம இருந்தா அதே ரத்தம் ஒண்ணும் செய்யாது. கடல் தாண்டி வேற எடத்துலயும் கேட்டிருக்கேன், வர நாலு நாள் ஆகும். நாலு நாள் இவன் தாங்கமாட்டான்."

"அந்த மூணு பேரு?"

"ஆள் அனுப்பினேன். வரமாட்டோம்னுட்டாங்க. அந்தப் பையனுங்க ரெண்டு பேரும் மாமா சொன்னாத்தான் வருவாங்களாம்."

"மாமாங்கறது…"

"பேர நான் சொல்லக்கூடாது" என்றார் டாக்டர். "நீங்கதான் ஊருக்கே சொல்லிட்டீங்களே."

பொழுது சாயும்போது கொனாரியா மெரேயு வீட்டு வாசலில் நின்றாள். ப்ரேது போனபின் அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. பாக்கிஸ் ஆடுகளைக் கறந்துவிட்டுப் பால்குடத்தோடு வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான்.

"உள்ள வரல" என்றாள்.

"கூப்பிடல."

பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு, டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "வெஷம் உன் ரத்தத்துல இல்ல. எஞ்சட்டியில இருந்துச்சு. சதுக்கத்துல நான் பேசினத, அங்கயே நின்னு வாபஸ் வாங்கறேன். மண்டி போடுன்னாலும் போடறேன். புள்ளைய மட்டும் விட்டுறாத."

"மண்டியெல்லாம் எதுக்கு?" என்றான் பாக்கிஸ். குடத்தைக் கீழே வைத்தான். "எப்படியிருக்கான் பய?"

அவன் கேட்ட விதம்தான் அவளை உலுக்கிவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டு, வருகிறேன் என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அவள் கொனாரியா. பிள்ளையின் உயிர் அவன் கையில் இருக்கும்போதும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாக்கிஸ். உங்கண்ணந்தானே சுட்டது?"

"தெரியாது."

"பொய் சொல்லாத."

"பொய்யில்லக்கா." அக்கா என்று கூப்பிட்டான், பழைய நாளில் கூப்பிட்டது போலவே. "கப்பலேத்திவிடப் போனேன்ல, அப்ப நானே அவங்கிட்ட கேட்டேன். 'ப்ரேதுவ நீதான் சுட்டியா?'ன்னு. சிரிச்சான். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அன்னிலேருந்து அவன் கடுதாசிக்கு நான் பதில் போட்டதில்ல. இத்தன வருஷமா நீ ஒருத்திதான் சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கன்னு நெனச்சியா? செவுத்துக்கு இந்தப் பக்கமும் அதே கததான்."

இப்படி ஒன்றை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

"பின்ன எதுக்குடா ரத்தம் குடுத்த?"

பாக்கிஸ் குடத்தின் வாயைத் துணியால் மூடினான். "அவன் சுடலன்னா, அக்கம்பக்கத்துல ஒரு ஒதவின்னு இருக்கட்டும். சுட்டிருந்தான்னா…" முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டான். "சுட்டிருந்தான்னா, குடுக்கறதுக்கு எங்கிட்ட வேற என்னக்கா இருக்கு?"

அவள் அழவில்லை. தலைத்துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "பஸ்ஸு ஏழு மணிக்கு. வெறும் வயித்தோட வராத" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

காலையில் ஆஸ்பத்திரியில், ரத்தம் எடுக்கிற அறைக்குள் தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். நர்ஸ் முடியாது என்றாள். டாக்டர் மரோஞ்சு அவளையும் பாக்கிஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விடச் சொன்னார். பாக்கிஸ் படுத்துச் சட்டைக் கையை மடித்தான். ஊசியைக் கண்டதும் அவன் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. செம்மறிக் கடாவைக் கொம்பைப் பிடித்து மடக்குகிற ஆள்!

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்" என்றாள் நர்ஸ். "மயக்கம் போட்டு விழுந்துகூட இருக்காரு. வராதீங்கன்னா கேக்கமாட்டாரு."

ஊசி ஏறியது. குழாயில் சிவப்பு இறங்கியது. பாக்கிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

"முடிஞ்சுதாக்கா?"

கொனாரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் இல்ல. நீ கண்ண மூடிக்க. நான் பாத்துக்கறேன்."